மலை மேல் உட்கார்ந்து பாய்மரப் பேச்சு

போன வாரம் மாரமங்கலம் டீக்கடையில் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். மேட்டூர் அணையில் பாய்மரப் படகு விடலாமே என்றேன். "காப்பிக்குக் கவாத்து பண்ண ஆள் கிடைக்கல, சாருக்குப் பாய்மரம் கேக்குது!" என்றார் ஒருவர். கடையே சிரித்தது. "அதெல்லாம் வெள்ளைக்காரன், பணக்காரன் விளையாட்டுங்க" என்றார் இன்னொருவர். அங்கே வராத பதில் வீட்டுக்கு வந்த பிறகு வந்தது. நம் வயதில் அப்படித்தான்.

நான் சொல்வது பெரிய யாட் அல்ல. ஜீப்புக்குப் பின்னால் டிரெய்லரில் இழுத்துப் போகிற, இரண்டு மூன்று பேர் படுத்துத் தூங்கக்கூடிய சின்னப் படகு. காற்று பாயைத் தள்ளும்போது படகு பக்கவாட்டிலும் நழுவும். அதைத் தடுக்க அடியில் கீல் வேண்டும். இந்தப் படகில் கீலை மேலே தூக்கிவிடலாம். அமெரிக்காவின் கேட்டலினா 22 படகுக்குக் கீல் இறங்கியிருந்தால் 5 அடி ஆழம் வேண்டும். தூக்கிவிட்டால் 2 அடி போதும்.

மேட்டூருக்கு இதுதான் சரி. 1934-ல் கட்டி முடித்த அந்த அணையில் இன்று 120 அடி இருக்கும் தண்ணீர் சில மாதத்தில் பாதியாகலாம். பண்ணவாடியில் மூழ்கிக் கிடக்கும் ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தியும் பழைய சர்ச் கோபுரமும் அப்போது தலைகாட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். ஆழக் கீல் வைத்த படகு நந்தியின் தலையில்தான் போய் முட்டும்!

வெள்ளைக்காரன் விளையாட்டா? 1798-ல் லேடி நெல்சன் கப்பலுக்கு இங்கிலாந்தில் மூன்று தூக்கும் கீல் வைத்தார்கள், உண்மைதான். நம் கட்டுமரக்காரரும் பாய் விரித்தால் ஒரு பலகையைத் தண்ணீரில் இறக்குவார், கரை வந்தால் உருவிக்கொள்வார். பிறகு கட்டைகளையே அவிழ்த்து மணலில் காயப்போடுவார். டிரெய்லர்கூட வேண்டாம். அவர் எந்தக் காலத்தில் பணக்காரராக இருந்தார்? மோட்டார் வந்தது, பாய் போனது. 1911-ல் தொடங்கிய ராயல் மெட்ராஸ் யாட் கிளப்பைக் காட்டி, இது கிளப்காரர்கள் சமாச்சாரம் என்று நாமே ஒதுங்கிக்கொண்டோம்.

ஏற்காடு ஏரியில் கேட்கவில்லை. அது சின்னது, சுற்றிலும் மரம், காற்று சுழலும், மிதிபடகே போதும். 20 கொண்டை ஊசி வளைவிலும் டிரெய்லரை ஏற்றச் சொல்லவில்லை. தனி ஆள் வாங்கும் விலையும் இல்லை, ஒப்புக்கொள்கிறேன். மேட்டூர்க் கரையில் அரசு செலவில் ஒரு கொட்டகை, இரண்டு படகு, லைஃப் ஜாக்கெட், பரிசல்காரர் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பாய் பிடிக்கச் சொல்லித்தர ஒருவர். நான் கேட்டது இவ்வளவுதான். இதற்கா அத்தனை சிரிப்பு?