சிவப்பு வண்டி ஓட்டுறவருக்கு எந்தச் சம்பளம்?

"ஸ்பீட் போஸ்ட் ஒரு நாள் லேட், தபால் ஆபீஸே வேஸ்ட்டுங்க" என்று இங்கே நாக்பூரில் நம்மாட்கள் புலம்பாத நாளில்லை. வங்கிக்காரன், கணக்கிலிருந்தே கேட்கிறேன்.

அஞ்சல் துறையின் மெயில் மோட்டார் சர்வீஸில் நிரந்தர டிரைவருக்கு 7வது ஊதியக் குழுப்படி தொடக்க அடிப்படைச் சம்பளம் 19,900 ரூபாய். பஞ்சப்படி, விடுப்பு தனி. அதே தபால் பைகளை ராத்திரியெல்லாம் ஓட்டும் கான்ட்ராக்ட் வண்டி டிரைவருக்கு? கான்ட்ராக்டர் கொடுப்பதுதான் சம்பளம்.

தற்காலிக ஊழியருக்கும் சம வேலைக்குச் சம ஊதியம் என்று 2016ல் சொன்னது உச்ச நீதிமன்றம். நடுவில் ஒரு கான்ட்ராக்டரை நிறுத்திவிட்டு, "அவர் எங்க ஆள் இல்லை" என்றால் முடிந்ததா?

செலவு குறைந்ததாம்! குறையவில்லை சார். துறையின் ஏட்டிலிருந்து டிரைவர் வீட்டு ஏட்டுக்கு மாற்றி எழுதியிருக்கிறார்கள்.

ஊரிலிருந்து வரும் பருப்புப்பொடி பார்சல் ஏன் லேட் என்று கேட்கிறோமே, இதையும் சேர்த்துக் கேட்போம்.