பி.எஃப். பணம் வந்த பிறகு: நிதியமைச்சருக்கு ஒரு திறந்த மடல்

மாண்புமிகு ஒன்றிய நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் அவர்களுக்கு,

கோவையில் நூற்பாலை ஒன்றின் கணக்குப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். பி.எஃப். படிவம் நிரப்பத் தொழிலாளர்கள் இன்னமும் என்னைத் தேடி வருகிறார்கள். பணம் கைக்கு வந்த பிறகு அவர்களுக்கு நடப்பதைத்தான் உங்கள் பார்வைக்குக் கொண்டுவர விரும்புகிறேன்.

ஃபவுண்டரியில் உழைத்து 58 வயதில் ஓய்வு பெற்ற ஒருவர். பி.எஃப்., கிராஜுவிட்டி எல்லாம் சேர்த்து 38 லட்சம். மாத ஓய்வூதியம் 3,500 ரூபாய். பணம் வங்கிக் கணக்கில் சும்மா கிடப்பதைப் பார்த்த கிளை அலுவலர், நாற்காலி போட்டு உட்காரவைத்து, டீ வாங்கிக் கொடுத்து, ஒரு காப்பீட்டுத் திட்டத்தை விற்றுவிட்டார். ஆண்டுக்கு 5 லட்சம் வீதம் ஐந்து ஆண்டுகள் கட்ட வேண்டும். முதிர்வுக்குப் பத்து ஆண்டு. சம்பளம் நின்றுபோன மனிதருக்கு இது! 4 சதவீதம், 8 சதவீதம் என்று இரண்டு கற்பனைக் கணக்குகள் போட்ட ஆங்கிலத் தாளில், தமிழில் இருந்தது அவருடைய கையெழுத்து மட்டும்தான்.

பாலிசி கைக்கு வந்த 30 நாட்களுக்குள் திருப்பிக் கொடுக்கலாம் என்ற விதி இருந்ததால் அந்தப் பணம் தப்பியது. தப்பாதது வேறொன்று. மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் 60 வயதில்தான் சேர முடியும். 55 வயதுக்கு மேல் ஓய்வு பெற்றவர்களுக்கு ஒரு சலுகை உண்டு: ஓய்வுக்காலப் பணம் வந்த மூன்று மாதங்களுக்குள் சேர்ந்துவிட வேண்டும். ஒரு மாதமாக இருந்த அந்த அவகாசத்தை 2023இல் மூன்று மாதமாக்கியது உங்கள் அமைச்சகம். 15 லட்சமாக இருந்த உச்சவரம்பை 30 லட்சமாக்கியதும் நீங்கள்தான். அவர் என்னிடம் வந்தபோது ஐந்தாவது மாதம். அதே வங்கியிலேயே அந்தக் கணக்கைத் தொடங்கியிருக்கலாம். யாரும் வாய் திறக்கவில்லை. ஏன் திறப்பார்கள்? அந்தத் திட்டத்துக்கு முகவர் கமிஷனே 2011 டிசம்பரிலேயே நின்றுபோயிற்று.

பிறகு, பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபியில் பதிவுபெற்ற ஆலோசகர் ஒருவரிடம் அவரை அழைத்துப் போனேன். ஆலோசகர் முதலில் கேட்டது வீட்டுச் செலவை. பிறகு மனைவியின் வயதை, மகள் கல்யாணக் கடனை. அப்புறம்தான் பணத்தைப் பிரித்தார். 9 லட்சம் அஞ்சலக மாத வருமானத் திட்டத்துக்கு, இப்போதைய 7.4 சதவீத வட்டியில் மாதம் 5,550 ரூபாய் வரும். 20 லட்சம் இப்போதைக்கு வங்கி வைப்பில். 60 வயதானதும் மூத்த குடிமக்கள் திட்டத்துக்கு மாற வேண்டும். இன்றுள்ள 8.2 சதவீதமே நீடித்தால் காலாண்டுக்கு 41,000. ஆஸ்பத்திரி, அவசரத்துக்கு 3 லட்சம். பத்து ஆண்டு கழித்து விலைவாசி ஏறும்போது கை கொடுக்க, மீதி 6 லட்சம் குறியீட்டு ஃபண்டில், கமிஷன் இல்லாத நேரடித் திட்டமாக. ஓய்வூதியத்தோடு சேர்த்தால் மாதம் ஏறக்குறைய 22,700. அந்தக் குடும்பத்துக்கு அது போதும்.

கட்டணம் 12,000 ரூபாய், ஜிஎஸ்டியோடு 14,160. "பேங்க்ல சும்மாவே சொன்னாங்களே சார்" என்றார் மனிதர். அவர்மேல் எனக்கு வருத்தமில்லை. ஆலோசகர் வாங்குவது ரசீதில் தெரிகிறது. மியூச்சுவல் ஃபண்ட் முகவரின் கமிஷன் ஃபண்டுக்குள்ளேயே கழிந்துவிடுகிறது. இதே 38 லட்சத்தில் ஆண்டுக்கு 1 சதவீதம் போனால் 38,000 ரூபாய், அதுவும் ஆண்டுதோறும். ரசீது கிடையாது. யாரிடம் போவது என்று ஒப்பிடப் பார்க்கும் தொழிலாளிக்கு ஒரு பக்கத்து விலை மட்டும்தான் கண்ணில் படுகிறது.

செபி தன் வரம்புக்குள் செய்ததை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஒரே வாடிக்கையாளருக்கு ஆலோசனையும் விற்பனையும் சேர்த்துச் செய்யக்கூடாது என்று 2020இல் பிரித்தது நல்ல காரியம். ஆனால் பதிவுபெற்ற ஆலோசகர்கள் நாடு முழுவதற்கும் ஆயிரத்தை ஒட்டித்தான் இருக்கிறார்கள். எங்கள் ஆட்களை முதலில் சந்திப்பவர் வங்கி அலுவலர். வங்கி ரிசர்வ் வங்கியின் கீழ், அவர் விற்கும் பாலிசி காப்பீட்டு ஆணையத்தின் கீழ், ஃபண்ட் செபியின் கீழ். எந்தக் கதவைத் தட்டுவது? விற்பவரின் வருமானத்தை ஒழுங்குபடுத்தச் சொல்லி 2009இல் சுவரூப் குழுவும் 2015இல் சுமித் போஸ் குழுவும் பரிந்துரைத்தாயிற்று. வங்கிகள் காப்பீட்டைத் தவறாக விற்பதை 2024 நவம்பரில் நீங்களே கண்டித்தீர்கள். ரிசர்வ் வங்கி, காப்பீட்டு ஆணையம், செபி அனைத்தும் ஒன்றாக அமரும் நிதி நிலைத்தன்மை மற்றும் மேம்பாட்டு மன்றத்துக்குத் தலைவரும் நீங்களே. அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

எதை விற்றாலும் ஒரே மாதிரியான ஒரு பக்கத் தாள் வேண்டும், வாங்குபவரின் மொழியில். இந்த விற்பனையில் இந்த ஆண்டு எனக்கும் என் நிறுவனத்துக்கும் இவ்வளவு ரூபாய், அடுத்தடுத்த ஆண்டுகளில் இவ்வளவு என்று எழுதி, விற்பவர் முதலில் கையெழுத்திட வேண்டும். சதவீதக் கணக்கு வேண்டாம், ரூபாயில் வேண்டும். 55 வயது கடந்தவர் என்றால் அதே தாளில் மூத்த குடிமக்கள் திட்டத்தின் வட்டியும் அச்சாகியிருக்க வேண்டும்.

இன்னொன்றுக்குச் சட்டத் திருத்தம்கூடத் தேவைப்படாது என்றே நினைக்கிறேன். பி.எஃப். பணம் கணக்கில் ஏறியதும் தொழிலாளியின் கைபேசிக்குக் குறுஞ்செய்தி வருகிறது. தொழிலாளர் அமைச்சகத்தோடு பேசி, அதில் தமிழில் ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள்: மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் சேர உங்களுக்கு இன்ன தேதி வரை அவகாசம் இருக்கிறது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆலைக் கணக்கர்,
கோயம்புத்தூர்