களைப்புக்கு ‘ஹார்மோன் குறைவு’ என்று பெயர் வைக்காதீர்கள்

கோட்டைப்பட்டினத்தில் விசைப்படகு ஓட்டிய என் தாய்மாமாவுக்கு ஐம்பத்து நான்கு வயதில் அசதி வந்தது. வலை இழுக்கையில் கை ஓய்ந்துபோகும். சோறு உண்டதும் கண் சொருகும். மாமியிடம்கூடச் சொல்லக் கூசிய இன்னொரு குறையும் இருந்தது. அதை அவர் சொன்ன ஒரே ஆள், மாதம் ஒருமுறை பக்கத்து ஊர் லாட்ஜில் வந்து தங்கும் வைத்தியர். நாடி பார்த்த கையோடு, “அம்பது தாண்டுனா ஆம்பளைக்கு ஹார்மோன் ஊத்து வத்தித்தான் போகும்” என்றாராம் அவர். எட்டு மாதம் லேகியமும் ஊசியும் மாறி மாறி நடந்தன. ஒன்பதாம் மாதம் கால் பெருவிரலில் வந்த புண் ஆறாமல் நின்றபோதுதான் அரசு மருத்துவமனையில் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். சர்க்கரை நானூறைத் தாண்டியிருந்தது. விரலை எடுக்க வேண்டியதாயிற்று.

வயதான ஆணின் சோர்வுக்கெல்லாம் ஹார்மோன் வற்றியதுதான் காரணம், அதை ஏற்றிக்கொண்டால் பழைய தெம்பு திரும்பிவிடும் என்ற இந்த நம்பிக்கை துறைமுகத்து டீக்கடையோடு நிற்பதில்லை. நகரத்துக் குளிரூட்டிய கிளினிக்குகளிலும் இதே பேச்சுதான். முன்பு ‘நரம்புத் தளர்ச்சி’ என்றார்கள்; இப்போது ‘டெஸ்டோஸ்டிரோன்’ என்கிறார்கள். பெயர் படித்த பெயராகிவிட்டதால் படித்தவர்களும் நம்புகிறார்கள்.

இதில் உண்மை எவ்வளவு? நாற்பதை ஒட்டித் தொடங்கி, ஆணின் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு சதவீதம் குறைகிறது. இது மெல்ல இறங்கும் சரிவு. பெண்களுக்கு மாதவிடாய் நிற்பதுபோல ஒரு வயதில் சட்டென்று அறுந்துபோவதில்லை. ஐரோப்பாவில் நாற்பது முதல் எழுபத்தொன்பது வயதுவரை உள்ள மூவாயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்களைச் சோதித்து 2010-இல் வெளியிட்ட ஆய்வில், அறிகுறியும் ரத்த அளவும் சேர்ந்து உண்மையான குறைபாடு என்று சொல்லத்தக்க நிலையில் இருந்தவர்கள் நூற்றுக்கு இரண்டு பேர் மட்டுமே. மற்றவர்களின் அசதிக்கு வேறு காரணத்தைத்தான் தேட வேண்டும்.

உண்மையிலேயே அளவு குறைந்தவர்களுக்காவது தெம்பு திரும்புகிறதா? அறுபத்தைந்து வயதைக் கடந்த, ரத்தத்தில் டெஸ்டோஸ்டிரோன் குறைவாக இருந்த 790 பேரை வைத்து அமெரிக்காவில் நடந்த சோதனையின் முடிவு 2016-இல் வந்தது. ஓராண்டு ஹார்மோன் ஜெல் தடவியவர்களுக்குப் பாலுறவு நாட்டம் ஓரளவு கூடியது. களைப்போ, வெற்று ஜெல் தடவியவர்களைவிடச் சொல்லும்படியாகக் குறையவில்லை. எதற்காக இங்கே ஊசியைத் தேடி ஓடுகிறார்களோ அதையே அது தரவில்லை.

இந்த நம்பிக்கை புதிதல்ல. 1889-இல் பாரிசில் பிரவுன் செக்கார் என்ற புகழ்பெற்ற உடலியல் அறிஞர், எழுபத்திரண்டு வயதில், நாயின் விரைகளிலிருந்தும் கினிப்பன்றியின் விரைகளிலிருந்தும் எடுத்த சாற்றைத் தனக்கே ஊசி போட்டுக்கொண்டு, இளமை திரும்பியதாக அறிஞர் சபையில் அறிவித்தார். அவர் முறைப்படி பின்னாளில் சாறு எடுத்துப் பார்த்தவர்கள், அதில் வேலை செய்யும் அளவுக்கு ஹார்மோனே இல்லை என்று கண்டார்கள். அவர் பொய் சொல்லவில்லை; நம்பிக்கை கொடுத்த தெம்பை அவர் உணர்ந்தார். என் மாமாவும் முதல் பதினைந்து நாள் “நல்லாத்தான் இருக்கு மாப்ள” என்றார். அந்தப் பதினைந்து நாளைக் காட்டித்தான் எட்டு மாதத்தையும் விற்றார்கள்.

மாமா சொல்லக் கூசிய அந்தக் குறையைப் பற்றித்தான் நான் உரக்கப் பேச விரும்புகிறேன். ஆணுறுப்புக்குப் போகும் ரத்தக் குழாய்கள் இதயத்தின் குழாய்களைவிடக் குறுகலானவை. சர்க்கரையும் ரத்த அழுத்தமும் புகையும் குழாய்களைக் கெடுக்கும்போது சிறிய குழாய் முதலில் அடைபடுகிறது. அதனால் விறைப்புக் குறைவது, பலருக்கு மாரடைப்பு வருவதற்கு இரண்டிலிருந்து ஐந்தாண்டு முன்பே வரும் எச்சரிக்கை. அந்த நேரத்தில் செய்ய வேண்டியது சர்க்கரை, அழுத்தம், கொழுப்பு மூன்றையும் பார்ப்பது. நம் ஊரில் அந்த ஆளை லாட்ஜுக்கு அனுப்பி, அவர் கையிலிருந்த ஐந்தாண்டுகளைப் பறித்துவிடுகிறோம்.

அங்கே தரும் பொட்டலத்தில் என்ன இருக்கிறது என்பதும் யாருக்கும் தெரியாது. மூலிகை என்ற பெயரில் விற்ற பொடிகளில் விறைப்புக்கான சில்டெனாஃபில் மாத்திரையை அரைத்துக் கலந்திருந்தது பல நாடுகளில் பிடிபட்டிருக்கிறது. நெஞ்சுவலிக்கு நைட்ரேட் மாத்திரை எடுப்பவர் அதை விழுங்கினால் ரத்த அழுத்தம் சரிந்து உயிரே போகலாம். 1954-ஆம் ஆண்டின் மாய மருந்து விளம்பரத் தடைச் சட்டம் ஆண்மைக் குறைவுக்கு மருந்து என்று விளம்பரம் செய்வதைக் குற்றம் என்கிறது. எழுபதாண்டுக்கு மேல் ஆகியும் பேருந்து நிலையச் சுவர்களில் அதே சுவரொட்டிகள், அடுத்த மாதத் தேதியோடு.

எங்களைப் போன்ற பாக் விரிகுடாக்காரர்களுக்கு ‘ஆண்மை மருந்து’ என்ற நம்பிக்கையால் இன்னொரு கேடும் உண்டு. கிழக்காசியாவில் ஆண்மை மருந்தென்று கேட்பதால் நம் கடலின் கடல்குதிரையைக் காயவைத்துக் கடத்துகிறார்கள். 2001-இல் கடல்குதிரைக்கும் கடலட்டைக்கும் புலிக்குச் சமமான சட்டப் பாதுகாப்பு கொடுத்தார்கள். லாபம் யாரோ ஒருவருக்கு, வழக்கு மீனவருக்கு.

உண்மையான குறைபாடு உள்ளவர்களை நான் தடுக்கவில்லை. பிட்யூட்டரிச் சுரப்பியில் கட்டி வந்தவர், புற்றுநோய் சிகிச்சையில் விரைகள் பழுதானவர், பிறவியிலேயே குரோமோசோம் கோளாறு உள்ளவர் ஆகியோருக்கு டெஸ்டோஸ்டிரோன் தேவையான மருந்து. அவர்களுக்கும் இரண்டு வெவ்வேறு நாள் காலையில் ரத்தம் எடுத்துப் பார்த்துத்தான் தொடங்க வேண்டும். அளவு காலையில் ஏறி மாலையில் இறங்கும் என்பதால், சாயங்காலம் எடுத்த ஒரே ரிப்போர்ட்டை நீட்டி ஊசி போடுபவரை நம்பக் கூடாது. 2023-இல் ஐயாயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் நடந்த பெரிய சோதனையில் ஹார்மோனால் மாரடைப்பு கூடவில்லை; அதை மறைக்க மாட்டேன். ஆனால் இதயத் துடிப்புத் தாறுமாறாவதும் நுரையீரலில் ரத்தக்கட்டி அடைப்பதும் சற்றுக் கூடின. இளைஞர்களுக்கு இன்னொன்று: வெளியிலிருந்து ஏற்றினால் உடம்பு தன் சுரப்பை நிறுத்திக்கொள்ளும், விந்தணு உற்பத்தியும் நின்றுபோகலாம். பிள்ளை வேண்டும் என்று இருப்பவர் அந்த ஊசியைத் தொடவே கூடாது.

தெம்பை எது தின்கிறது என்று கேட்டால் எங்கள் ஊரில் பதில் கண்ணெதிரே இருக்கிறது. வாரத்தில் மூன்று நாள் படகு ஏறினால் இரவெல்லாம் தூக்கம் இல்லை. ஒரு வாரம் ஐந்து மணி நேரமே தூங்கவைத்த இளைஞர்களுக்கே டெஸ்டோஸ்டிரோன் பத்திலிருந்து பதினைந்து சதவீதம் இறங்கியது. அதோடு பீடி, மது, எல்லை தாண்டினால் பிடிபடுவோமோ என்ற பயம், படகுக் கடன். இத்தனையையும் ஒற்றை ஹார்மோனின் தலையில் கட்டிவிட்டால் கடனைப் பற்றியும் தூக்கத்தைப் பற்றியும் யாரும் பேச வேண்டியதில்லை.

நாட்டில் பத்துக் கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் என்று 2023-இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு சொன்னது. தமிழக அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் 2021 முதல் வீட்டு வாசலுக்கே வருகிறது. ஆனால் வருகிற நேரத்தில் ஆண்கள் கடலில் இருக்கிறார்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம், படகுகள் அறுபத்தொரு நாள் கரையில் நிற்கும். அந்த நாட்களில் செவிலியர்கள் துறைமுகத்திலேயே மேசை போட்டு உட்காரட்டும். படகுக்கு மராமத்து பார்க்க வரும் நாற்பது வயதைக் கடந்த ஒவ்வொருவருக்கும் சர்க்கரையும் அழுத்தமும் பார்த்துச் சீட்டில் எழுதிக் கொடுக்கட்டும். மற்ற குறையையும் அங்கேயே, தனியாக, ஒரு மருத்துவர் கேட்கட்டும். என் மாமா இப்போது படகேறுவதில்லை; வலை பின்னிக்கொண்டு அங்கேதான் இருக்கிறார். முதல் ஆளாகக் கையை நீட்டச் சம்மதித்திருக்கிறார்.