நிரலைப் பேணுவது யார் பொறுப்பு?

மெக்சிகோவின் வஹாகா மாநில மலைகளுக்கு நடுவே தலேயா தே காஸ்த்ரோ என்றொரு ஊர் இருக்கிறது. அங்கே வசிப்பவர்கள் சுமார் 2,500 பேர். இத்தனை சிறிய ஊரில் கோபுரம் நட்டால் கட்டுப்படியாகாது என்று பெரிய செல்பேசி நிறுவனங்கள் ஒதுங்கிக்கொண்டன. 2013இல் ஊர்க்காரர்களே, ரைசோமேட்டிக்கா என்ற அமைப்பின் துணையோடு, சொந்தமாக ஒரு செல்பேசிச் சேவையைத் தொடங்கினார்கள். பக்கத்து ஊர்களும் சேர்ந்துகொண்டன. 2016இல் அந்நாட்டு ஒழுங்குமுறை அமைப்பு இந்தப் பழங்குடிச் சமூகங்களின் சங்கத்துக்கு முறைப்படி உரிமம் வழங்கியது.

ஊர் கூடிக் கம்பம் நடலாம். ஆன்டெனாவை ஏற்றிக் கட்டலாம். ஒரு செல்பேசி இன்னொன்றை அழைக்கும்போது நடுவே நின்று இணைத்துவைக்கிற மென்பொருளை ஊர் கூடி எழுதிவிட முடியாது. அந்த மென்பொருள் ஆஸ்மோகாம் என்ற திறமூலத் திட்டத்திலிருந்து வந்தது.

அது கையாளும் ஜிஎஸ்எம் என்ற இரண்டாம் தலைமுறைச் செல்பேசி முறையில் முதல் அழைப்பு 1991இல் பின்லாந்தில் பேசப்பட்டது. அதன் தரநிலை ஆவணங்களை யாரும் படிக்கலாம். ஆனால் அவற்றின்படி எழுதப்பட்ட வலையமைப்பு மென்பொருள் விரல்விட்டு எண்ணக்கூடிய நிறுவனங்களிடம் மட்டுமே பூட்டிக் கிடந்தது. 2008இல்தான் அந்தப் பூட்டு திறந்தது. டேவிட் பர்ஜெஸும் ஹர்விந்த் சம்ராவும் எழுதிய ஓபன்பிடிஎஸ் என்ற திறமூல நிரல், அமெரிக்காவின் நெவாடா பாலைவனத்தில் நடக்கும் பர்னிங் மேன் விழாவில் சோதித்துப் பார்க்கப்பட்டது. அந்த டிசம்பரிலேயே பெர்லினில் ஹரால்ட் வெல்டேயும் டீட்டர் ஷ்பாரும் செல்பேசிகளோடு ரேடியோவில் பேசும் ஒரு பழைய சீமென்ஸ் அடிநிலையக் கருவியைத் தங்கள் நிரலால் இயக்கிக் காட்டினார்கள். ஆஸ்மோகாம் அதிலிருந்து வளர்ந்தது.

இந்த வேலையின் நுட்பத்தைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஜிஎஸ்எம்மில் 200 கிலோஹெர்ட்ஸ் அகலமுள்ள ஓர் அலைவரிசையை எட்டுப் பேர் வாய்க்கால் தண்ணீர்போல முறைவைத்துப் பயன்படுத்துகிறார்கள். ஒருவருடைய முறை 577 மைக்ரோவிநாடி. அடிநிலையத்தின் கடிகாரம் நூறு கோடியில் 50 பங்குக்கு மேல் பிசகக் கூடாது. பிசகினால் பக்கத்துக் கோபுரத்துக்குக் கைமாறும்போது அழைப்பு அறுந்துபோகும். இத்தனைக்கும் மேலே, அழைப்பை அமைப்பது, குறுஞ்செய்தியைச் சேர்ப்பது, சிம் அட்டையை அடையாளம் காண்பது என்று அடுக்கடுக்காக நெறிமுறைகள்.

தரநிலைதான் எழுதி முடிந்துவிட்டதே, நிரலும் ஒருநாள் முடிந்துவிடாதா என்று கேட்கலாம். முடிவதில்லை. தரநிலையைச் செல்பேசிகள் எல்லாம் ஒரேமாதிரி புரிந்துகொள்வதில்லை. ஒரு மாடல் மட்டும், குறிப்பிட்ட ஒரு கணத்தில் மட்டும், பதில் சொல்லாமல் நின்றுவிடும். இன்று வாங்கிய ரேடியோ பலகை சில ஆண்டுகளில் சந்தையிலிருந்து மறைந்துவிடும். லினக்ஸ் மாறும், தொகுப்பி மாறும். ஓரிடத்தில் செய்த திருத்தம், யாரும் எதிர்பாராத இன்னோரிடத்தில் அழைப்பை முறிக்கும். இதைப் பிடிப்பதற்காகவே ஆஸ்மோகாம் குழுவினர் டிடிசிஎன்-3 என்ற சோதனை மொழியில் எதிர்முனைக் கருவிகளைப் போலவே நடிக்கும் சோதனைகளை எழுதிக் குவித்திருக்கிறார்கள். அவை தினமும் தானாக ஓடுகின்றன. எரிக்சன் நிறுவனம் அந்த மொழிக்கான தன் டைட்டன் தொகுப்பியை 2015இல் திறமூலமாக வெளியிட்டது இதற்குப் பேருதவியாக அமைந்தது. என் கணிப்பில், இந்தத் திட்டத்தின் உண்மையான சொத்து இந்தச் சோதனைகள்தாம். இவற்றுக்கு யாரும் மேடையில் கைதட்டுவதில்லை.

ஒரே பெரிய நிரலாக இருந்த ஆஸ்மோகாமின் வலையமைப்பு மென்பொருளை 2017இல் தனித்தனி நிரல்களாகப் பிரித்தார்கள். அழைப்பவருக்கு அதனால் எந்த வேறுபாடும் தெரிந்திருக்காது. பிற நிறுவனங்களின் கருவிகளோடு தரநிலைப்படி கோத்துக்கொள்ளும் வழி அதனால்தான் திறந்தது.

இரண்டாம் தலைமுறையே வழக்கொழிந்துவரும்போது இதற்கு ஏன் மெனக்கெட வேண்டும் என்பவர்களும் உண்டு. ஐரோப்பிய ரயில்கள் இன்னமும் ஜிஎஸ்எம் வழியாகப் பேசிக்கொள்கின்றன. 2018 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் புதிய கார் வகைகளுக்குக் கட்டாயமாக்கப்பட்ட விபத்து அழைப்பு வசதி, பழைய வலையமைப்புகளை நம்பியே வடிவமைக்கப்பட்டது. பழையது மெதுவாகத்தான் விடைபெறும். அதுவரை அதை ஒருவர் பேணியாக வேண்டும்.

அந்த ஒருவருக்குச் சம்பளம் யார் கொடுப்பது? ஆஸ்மோகாமின் முக்கிய நிரல்கள் அஃபெரோ உரிமத்தில் வெளியாகின்றன. திருத்தி, சேவையாக இயக்குகிறவர், அந்தத் திருத்தத்தைப் பயனர்களுக்குத் திறந்துகாட்ட வேண்டும். நல்ல உரிமம்தான். ஆனால் அது நிரலைத் திரும்பக் கொண்டுவருமே தவிர, சோற்றுக்கு வழி செய்யாது. 2011இல் வெல்டேயும் ஒரு சக நிரலாளரும் பெர்லினில் தொடங்கிய சிஸ்மோகாம் என்ற சிறு நிறுவனம்தான் பெரும்பகுதிச் சுமையைத் தாங்குகிறது. இத்தனை பேர் நம்பியிருக்கும் ஒன்று, பெரும்பாலும் ஒரு சிறு நிறுவனத்தின் தோளில் நிற்பது எனக்குக் கவலை தருகிறது. ஓபன்பிடிஎஸ் அத்தனை பரபரப்போடு வந்தும் பின்னாளில் தேங்கிப்போனது. கோபுரத்துக்கு வாடகையும் டீசலுக்குப் பணமும் ஒதுக்குகிற நிறுவனங்களும் அரசுகளும், தாங்கள் பயன்படுத்தும் திறமூல நிரலின் பராமரிப்புக்கென்று ஒப்பந்தத்திலேயே ஒரு தொகையை எழுத வேண்டும். இதை நன்கொடையாகக் கருதக் கூடாது. மின்கட்டணம்போல மாதாமாதம் வரும் செலவாகவே கணக்கில் வைக்க வேண்டும்.

வஹாகா மலையூர்கள் இதைச் செய்துகாட்டிவிட்டன. அங்கே மாதச் சந்தா 40 பெசோ என்று வகுத்தார்கள். 25 பெசோ ஊரிலேயே தங்கியது. மீதி 15 பெசோ, வலையமைப்பைப் பேணும் சங்கத்துக்குப் போனது.