காந்தம் ஏன் ஈர்க்கிறது?

சிறுவன் ஒருவன் காந்தத் துண்டொன்றை ஆணியின் அருகே கொண்டு செல்கிறான். தொடுவதற்கு முன்பே ஆணி தாவி வந்து ஒட்டிக்கொள்கிறது. "இடையில் ஒன்றுமே இல்லையே, பிறகு எப்படி இழுக்கிறது?" என்று அவன் கேட்கிறான். "அது காந்தப் புலத்தின் வேலை, வாய்பாட்டை நெட்டுருச் செய்" என்று விடை வருகிறது. "புலம் என்றால் என்ன?" என்று அவன் மீண்டும் கேட்டால், அது தேர்வில் வராத வினா என்று அவன் வாய் அடைக்கப்படுகிறது. அன்றோடு ஒரு வினா புதைக்கப்படுகிறது. அதனோடு ஓர் அறிஞனும் புதைக்கப்படுகிறான்.

அச் சிறுவன் கேட்டது சிறுபிள்ளை வினா அன்று. உலகப் பேரறிஞர்கள் இருநூறு ஆண்டுகளாய் உறக்கமிழந்து கேட்டுவரும் வினா அது.

1820-ஆம் ஆண்டில் தென்மார்க்கு நாட்டு அறிஞர் எர்சுடெட், மின்னோட்டம் பாயும் கம்பியின் அருகில் காந்த ஊசியை வைத்துப் பார்த்தார். ஊசி கம்பியை நோக்கி வரவுமில்லை. அதைவிட்டு விலகி ஓடவுமில்லை. குறுக்காகத் திரும்பி நின்றது! இரு பொருள்களை இணைக்கும் நேர்கோட்டில்தான் விசை செல்லும் என்று நம்பியிருந்த அறிவுலகம் திகைத்தது.

அத் திகைப்பைத் தீர்க்க வந்தவர், கல்லூரி வாயிலை மாணவராய் மிதியாதவர். இலண்டன் மாநகரில் கொல்லர் ஒருவரின் மகனாய் 1791-இல் பிறந்த மைக்கேல் பாரடே, நூல் கட்டும் தொழிலாளியாய் வளர்ந்து, கட்ட வந்த நூல்களைப் படித்தே அறிவியல் கற்றவர். உயர்கணக்கு அவர் அறியாதது. ஆயினும் காந்தத்தின்மேல் தாளை வைத்து இரும்புத் தூளைத் தூவி, அத்தூள் வளைந்து வளைந்து கோடுகளாய் அணிவகுப்பதைக் கண்டபோது, மற்றவர்கள் காணாத ஒன்றை அவர் கண்டார். ஆற்றல் காந்தத்தினுள் மட்டும் இல்லை. அதைச் சூழ்ந்த வெளியெங்கும் பரவிக் கிடக்கிறது என்றார். அவ் வெளிக்கு 1845-இல் அவர் இட்ட பெயர், அவர் நாட்டு உழவன் தன் வயலுக்கு வழங்கிய எளிய சொல். நாமோ அதனைப் புலம் என்கிறோம். வயலுக்கும் அது பெயர்; அறிவுக்கும் அது பெயர். இதனினும் பொருத்தமான சொல் வேறெந்த மொழியில் கிடைக்கும்?

கணக்கறியாதவரின் கற்பனை என்று பாரடேயின் கோடுகளைப் பலர் புறந்தள்ளினர். மாக்சுவெல் என்னும் இளைஞரோ அவற்றை மதித்துக் கணக்கு வடிவம் தந்தார். 1857-இல், அறுபத்தாறு அகவை நிரம்பிய பாரடே இருபத்தாறு அகவை மாக்சுவெல்லுக்கு ஒரு மடல் எழுதினார். கணக்கறிஞர்கள் தாம் கண்ட முடிவுகளை வாய்பாட்டில் சொல்வதுபோலவே முழுமையாகவும் தெளிவாகவும் பொதுமொழியிலும் சொல்லலாகாதா, அவ்வாறு சொன்னால் எம்போன்றோர் அவற்றை ஆய்ந்து பார்க்க இயலுமே என்பது அம் மடலின் வேண்டுகோள்.

அன்பர்களே, அவ் வேண்டுகோளே இன்றும் நம் வேண்டுகோள். எளிய மொழியில் சொல்ல முடியாத அறிவு இன்னும் முழுமையாய் விளங்கிக்கொள்ளப்படாத அறிவே. இதோ, காந்தம் எழுப்பும் மூன்று புதிர்களை நம் மொழியிலேயே வினவிப் பார்ப்போம்.

முதற் புதிர்: இயங்கும் மின்னூட்டத்தின்மேல் காந்த விசை எப்போதும் அதன் இயக்கத்துக்குக் குறுக்காகவே செயற்படும் என்று பாடநூல் கூறுகிறது. குறுக்கு விசை வழியைத் திருப்பலாம். விரைவைக் கூட்ட இயலாது. அவ்வாறாயின் அது வேலை செய்யாத விசை. பிறகு ஆணியைத் தூக்கியது யார்? மின்காந்தமாயின், இரும்பு நெருங்கும்போது கம்பிச் சுருளில் எழும் எதிர்ப்பை வென்று மின்னோட்டத்தை நடத்தும் மின்கலமே அவ் விலையைக் கொடுக்கிறது. நிலைக்காந்தமாயின், மின்னூட்டத்துக்குச் சொன்ன அவ் விதி மட்டும் போதாது. எதிர்மின்னி ஒவ்வொன்றும் பிறவியிலேயே ஒரு சிறு காந்தம். காந்தமும் ஆணியும் நெருங்க நெருங்க அவற்றின் மொத்த ஆற்றல் இருப்புக் குறைகிறது. குறைந்ததே ஆணியின் பாய்ச்சலாகிறது. பிரித்தெடுக்கும்போது அதே கடனை நம் கை திருப்பிக் கட்டுகிறது. எனவேதான், காந்தங்களை வட்டமாய் அடுக்கி, எரிபொருளின்றி என்றும் ஓடும் பொறி செய்தோம் என்பார் கூற்று பொய். இதனை வாய்பாடாக மட்டும் கற்றவன் அப் பொறிக்குப் பணம் கட்டி ஏமாறுகிறான்; பொருளறிந்து கற்றவன் ஏமாறான்.

இரண்டாம் புதிர்: சுருளை நிறுத்திவைத்துக் காந்தத்தை அசைத்தால் மின்னோட்டம் எழுகிறது. காந்தத்தை நிறுத்திவைத்துச் சுருளை அசைத்தாலும் அதே மின்னோட்டம் எழுகிறது. ஆனால் முதல் நிகழ்ச்சிக்குக் கரணியம் மின்புலம் என்றும், இரண்டாவதற்குக் கரணியம் காந்த விசை என்றும் நூல்கள் இருவேறு கதை கூறின. விளைவு ஒன்றாயிருக்கக் கரணியம் எப்படி இரண்டாகும்? இவ் வினாவைக் கொண்டே ஐன்சுடீன் 1905-இல் தம் சார்பியற் கட்டுரையைத் தொடங்கினார். மின்புலமும் காந்தப்புலமும் இரண்டல்ல, ஒன்றே. காண்பார் இயக்கத்துக்கு ஏற்ப அது இரு முகம் காட்டுகிறது என்பது அவர் கண்ட விடை. பள்ளிச் சிறுவனும் கேட்கக்கூடிய ஒரு வினா, காலம், இடம் பற்றிய உலகத்தின் எண்ணத்தையே புரட்டிப்போட்டது.

மூன்றாம் புதிர் எல்லாவற்றினும் வியப்பானது. நீல்சு போர் 1911-இல் தம் முனைவர் பட்ட ஆய்விலும், வான் இலீவன் என்னும் ஆலந்து நாட்டு அம்மையார் 1919-இல் தம் ஆய்விலும் தனித்தனியே ஓர் உண்மையை நிறுவினர். நியூட்டன் வழிவந்த பழைய இயக்கவியலை மட்டும் கொண்டு கணக்கிட்டால், வெப்ப ஒப்புநிலையில் இருக்கும் எப் பொருளுக்கும் காந்தத் தன்மை இருக்கவே முடியாது! பொருளின் உள்ளே சுற்றும் மின்னூட்டங்கள் ஒரு பக்கம் விளைப்பதை, ஓரத்தில் மோதி மோதிச் செல்பவை மறுபக்கம் விளைத்து முழுவதும் அழித்துவிடுகின்றன. அப்படியென்றால் சிறுவன் கையிலிருந்த காந்தம்? பழைய இயற்பியலுக்கு அது இருக்கக் கூடாத பொருள்! குவையக் கோட்பாடு (குவாண்டம்) வந்த பிறகே அது விளங்கிற்று. அண்டை எதிர்மின்னிகளை ஒருமுகமாய் நிற்கச் செய்வது அவற்றின் காந்த விசை அன்று. அது மிக மெலிந்தது. அவற்றின் மின் விலக்கமும், குவைய விதியும் சேர்ந்தே அவ் அணிவகுப்பை ஆக்குகின்றன என்று 1928-இல் ஐசன்பர்க் காட்டினார். அணுவின் உள்மறை ஆய்வுக்கூடத்தில் மட்டும் உள்ளதென்று எண்ணாதீர். கடையில் விற்கும் காந்தத் துண்டிலும் உள்ளது.

எல்லாம் விளங்கிவிட்டதா? இல்லை. காந்தத்தை எத்துணை முறை வெட்டினாலும் ஒவ்வொரு துண்டிலும் வடமுனையும் தென்முனையும் சேர்ந்தே பிறக்கின்றன. தனிமுனை ஒன்று உலகில் எங்கேனும் இருக்குமாயின், மின்னூட்டம் ஏன் எண்ணி அளந்த கூறுகளாகவே வருகிறது என்பது விளங்கும் என்று 1931-இல் திராக் காட்டினார். 1982-இல் அமெரிக்க நாட்டில் கபிரேரா என்பாரின் கருவியில் அதுபோன்ற ஒரு குறி தோன்றியது. மீண்டும் தோன்றவே இல்லை. செனீவாவின் பெருந்துகள் முடுக்கியருகே இன்றும் தேடுகிறார்கள். இன்றுவரை கிட்டவில்லை.

ஆதலின் ஆசிரியப் பெருமக்களுக்கு யாம் சொல்வது இதுவே. மாணவன் "ஏன்" என்று கேட்கும்போது வாய்பாட்டால் அவன் வாயைப் பூட்டாதீர். தெரிந்ததை அவன் தாய்மொழியில் தெளிவுறச் சொல்லுங்கள். தெரியாததைத் "தெரியாது, தேடுவோம்" என்று சொல்லுங்கள், அதில் இழுக்கில்லை. பெற்றோரே, மகன் பெற்ற மதிப்பெண்ணைக் கேட்குமுன், இன்று என்ன வினவினாய் என்று கேளுங்கள்.

கொல்லன் மகன் தன் நாட்டு மொழியில் எண்ணினான். தன் நாட்டு வயலின் பெயரையே தன் கண்டுபிடிப்புக்கு இட்டான். உலகம் ஒளி பெற்றது. நம் கொல்லன் மகனும் எண்ணட்டும்! நம் புலத்திலும் அறிவு விளையட்டும்!