அலையின் உயரம் தெரிந்தால் போதுமா?

"சாட்டிலைட் இருக்கும்போது புயலுக்குள் விமானத்தை விடுவானேன்? தண்டச் செலவு!" புயல் சீசன் வந்தாலே இப்படிச் சொல்ல ஒரு மேதாவி கிளம்பிவிடுவார். கேட்க நியாயமாகத்தான் இருக்கும். கணக்குதான் தப்பு.

அமெரிக்காவின் நோவா அமைப்பு டபிள்யூபி-3டி என்ற நான்கு புரொப்பெல்லர் விமானங்களைப் புயலுக்குள்ளேயே ஓட்டுகிறது. அதில் ஒன்றில் நாசா ஒரு ரேடாரை மாட்டியது. ரேடார் துடிப்பு கடலைத் தொட்டுத் திரும்பும் நேரத்தை வைத்துத் தூரம் கணக்கிடுவது, அவ்வளவுதான் சூத்திரம். ஆனால் நேர்கீழே மட்டும் பார்க்காமல் பக்கவாட்டிலும் வீசி, ஒரு வீச்சுக்கு 64 புள்ளிகள் எடுக்கும். 1.5 கி.மீ. உயரத்தில் பறந்தால் சுமார் 1.2 கி.மீ. அகலத்துக்குக் கடலின் மேடு பள்ளம் அப்படியே படமாகிவிடும். (விமானமே குலுங்குமே என்றால், அந்தக் குலுக்கலையும் அளந்து கழித்துவிடுகிறார்கள்.)

1998 ஆகஸ்ட் 24 அன்று பஹாமாஸின் அபாகோ தீவுக்குக் கிழக்கே 400 கி.மீ. தள்ளி, பான்னி புயலுக்குள் இந்த ரேடார் போனது. சில அலைகள் 19 மீட்டர்! ஆறு மாடிக் கட்டடம். அதைவிட முக்கியமான விஷயம் வேறு. பல இடங்களில் அலை காற்றடித்த திசையில் போகவில்லை. சில இடங்களில் மூன்று திசைகளிலிருந்து ஏறக்குறைய சம பலத்தோடு வந்த அலைகள் ஒன்றையொன்று குறுக்கே வெட்டின.

படகு ஓட்டுபவரைக் கேளுங்கள், இதன் அர்த்தம் புரியும். பெரிய அலை வந்தால் அணியத்தை அதற்கு நேராகத் திருப்பிப் பிழைக்கலாம். மூன்று பக்கமிருந்தும் வந்தால் எந்தப் பக்கம் திருப்புவது?

சாட்டிலைட் இதைச் சொல்லுமா? ஜேசன் வகை சாட்டிலைட்கள் தமக்கு நேர்கீழே ஒரு கோட்டில் அலையின் உயரத்தைச் சொல்லும், திசையைச் சொல்லாது. அதே கோட்டுக்குத் திரும்பிவர சுமார் பத்து நாள். புயல் காத்திருக்குமா என்ன? 2018-இல் பிரான்ஸும் சீனாவும் சேர்ந்து அனுப்பிய சிஎஃப்ஓசாட் திசையையும் அளக்கும் என்பது உண்மை. ஆனால் அதுவும் தன் பாதையில்தான் போகும், புயலைத் தேடிப் போகாது.

வங்கக் கடலிலும் அரபிக் கடலிலும் இப்படி வழக்கமாகப் பறக்க இந்தியாவிடம் ஏற்பாடு இல்லை. 2017 ஒக்கியில் விமானம் இருந்திருந்தால் குமரி மீனவர்கள் எல்லோரும் பிழைத்திருப்பார்கள் என்று சொன்னால் அது பொய். ஆழ்கடலுக்குப் போய்விட்டவர்களுக்கு எச்சரிக்கையே போய்ச்சேரவில்லை, அது தனிக் கொடுமை. ஆனால் எச்சரிக்கை போய்ச்சேரும்போது அதில் அலை எந்தப் பக்கம் வரும் என்பதும் இருக்க வேண்டாமா?

செலவு செலவு என்பவர்களுக்கு ஒன்று. அந்த அமெரிக்க விமானம், நீர்மூழ்கிகளைத் தேடும் பி-3 விமானத்தின் மாற்று வடிவம்தான். நம் கடற்படையின் நீர்மூழ்கி தேடும் பி-8ஐ விமானங்கள் அரக்கோணத்தில் நிற்கின்றன. ஒன்றில் இப்படி ஒரு ரேடாரைப் பொருத்த முடியுமா என்று கேட்பதற்குமா செலவு?