இருப்பைப் பார்த்துச் சரக்குப் போடுவோம்

ஐம்பது வயதைக் கடந்த வணிகர்கள் பலரின் கல்லாப் பெட்டிக்குப் பக்கத்தில் இன்று மாத்திரை டப்பா ஒன்று இருக்கிறது. சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகளை நாம் சொல்லவில்லை. மருத்துவர் எழுதித் தராமல், பக்கத்துக் கடைக்காரர் சாப்பிடுகிறார் என்பதற்காக வாங்கும் சத்து மாத்திரைகளைச் சொல்கிறோம்.

சத்துக் குறைவு நம்மிடையே இல்லை என்று சொல்ல மாட்டோம். கடை திறந்தது முதல் அடைக்கும் வரை நிழலிலேயே இருக்கிறோம். வெயில் படாத உடம்பில் வைட்டமின் டி குறைகிறது. பி12 சத்து பால், முட்டை, மீன், இறைச்சி போன்றவற்றில்தான் உண்டு. சைவ உணவினருக்கும், வயது ஏறியவர்களுக்கும், சர்க்கரை நோய்க்குப் பல ஆண்டுகளாக மெட்ஃபார்மின் சாப்பிடுவோருக்கும் அது குறையலாம். கால் மரத்துப் போகும், சோர்வு வரும், மறதி தட்டும். வயதாகி விட்டது என்று நாமே தீர்ப்பு எழுதி விடுகிறோம். பி12 குறைவுதான் காரணம் என்றால், காலத்தில் கண்டுபிடித்துச் சரிசெய்யலாம்.

ஆனால் கிடங்கில் இருப்பு எவ்வளவு என்று பாராமல் நம்மில் எவராவது கொள்முதல் செய்வதுண்டா? உடம்பு விஷயத்தில் மட்டும் ஏன் செய்கிறோம்? இரத்தப் பரிசோதனையே இங்கு இருப்புக் கணக்கு.

சாப்பிட்டால் நஷ்டமா என்று கேட்கிறவர்கள் உண்டு. பின்லாந்தில் புகை பிடிக்கும் ஆண்களுக்குப் பீட்டா கரோட்டின் மாத்திரை கொடுத்துப் பார்த்தார்கள். அவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் கூடியது 1994இல் வெளியானது. அமெரிக்காவில் 25,871 பேரிடம், குறை உண்டா என்று பார்த்துப் பிரிக்காமல், ஐந்தாண்டுகள் நடந்த ஆய்வில் வைட்டமின் டி மாத்திரை புற்றுநோய் வருவதையோ மாரடைப்பையோ குறைக்கவில்லை. எலும்பு முறிவும் குறையவில்லை என 2022இல் தெரிந்தது. ஏ, டி போன்றவை உடம்பிலேயே தங்கும், மிகுந்தால் கெடுதல். கால்சியம், இரும்பு மாத்திரைகளைத் தைராய்டு மாத்திரையோடு சேர்த்து விழுங்கினால் தைராய்டு மருந்து சரியாகச் சேராது. நான்கு மணி நேர இடைவெளி வேண்டும்.

சுண்ணாம்புச் சத்துக்கோ நம் அலமாரியே போதும். 100 கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராம் இருக்கிறது. எள்ளில் அதைவிடப் பல மடங்கு. ஊருக்கெல்லாம் நிறுத்துக் கொடுக்கும் நாம், நம் வீட்டு அடுப்பில் அவற்றை ஏற்ற மறந்து விட்டோம். பி12 குறைந்தவருக்கு மட்டும் தானியம் உதவாது. அங்கே மருத்துவர் சொல்லும் மாத்திரையோ ஊசியோதான் வழி.

நமக்கு வியாபாரப் பொறுப்பும் உண்டு. சத்து மாவு, சப்ளிமென்ட் டப்பாக்கள் இன்று மளிகைக் கடைக்கும் வருகின்றன. சப்ளிமென்ட் டப்பாவில் மருந்து உபயோகத்திற்கு அல்ல என்று அச்சிட வேண்டும் என்பது உணவுப் பாதுகாப்பு விதி. அதை விற்கும் நாம், மூட்டு வலி தீரும், சர்க்கரை இறங்கும் என்று வாடிக்கையாளரிடம் வாய் தவறியும் சொல்லக் கூடாது. தலைமுறையாக நம்மை நம்பி வரும் பெரியவர்கள் அவர்கள்.

நம் சங்கங்கள் நடத்தும் மருத்துவ முகாம்களில் பெரும்பாலும் சர்க்கரையும் இரத்த அழுத்தமும் பார்ப்பதோடு சரி. ஐம்பதைக் கடந்த உறுப்பினர்களுக்கும் அவர்கள் இல்லத்தரசிகளுக்கும் பி12, வைட்டமின் டி அளவுகளையும் மருத்துவர் ஆலோசனையுடன் பார்க்க ஏற்பாடு செய்ய வேண்டுமென நிர்வாகிகளைக் கேட்டுக் கொள்கிறோம். குறை இருந்தால் தயங்காமல் மாத்திரை எடுப்போம். இல்லாவிட்டால் அந்தப் பணம் கல்லாவிலேயே இருக்கட்டும்.